கரும்பலகையும் காடும்

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு ஒரு பேறு உண்டு. வகுப்பறைச் சன்னல் வழியே மேற்கே பார்த்தால் மலை தெரியும். வடகிழக்குப் பருவமழை அந்த மலையில் பெய்து, ஓடைகளாக இறங்கி, கண்மாய்களை நிரப்புகிறது. இராஜபாளையத்தின் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்திற்கும் அங்கிருந்துதான் நீர் வருகிறது. குழாயைத் திருகும் பிள்ளை மலையைத்தான் குடிக்கிறது எனலாம்.

ஆனால் 'காடு' என்ற பாடத்தை அதே பிள்ளை அச்சிட்ட புத்தகத்தில் படித்துப் பரீட்சையில் எழுதுகிறது. கண்ணெதிரே நிற்கும் மலைக்கும் கையிலிருக்கும் புத்தகத்திற்கும் இடையே இத்தனை தூரம் ஏன்? சுற்றுப்புறத்தையே பாடமாக்கும் எண்ணம் எப்போது பிறந்தது? அந்த வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

எம்டன் மூழ்கடித்த பாடம்

ஸ்காட்லாந்து நாட்டு உயிரியல் அறிஞர் பாட்ரிக் கெடிஸ் 1892-இல் எடின்பரோ நகரில் ஒரு பழைய கோபுரத்தை வாங்கினார். பார்வையாளர் முதலில் அதன் உச்சிக்கு ஏறி நகரையும் சுற்றியுள்ள நிலத்தையும் காண வேண்டும். பிறகு ஒவ்வொரு மாடியாக இறங்கினால் முதலில் தம் ஊர், அடுத்துத் தம் நாடு, பின்னர் ஐரோப்பா, கடைசியில் உலகம் எனப் படங்களும் வரைபடங்களும் விரியும். கண்ணால் காணும் ஊரிலிருந்து தொடங்கித்தான் உலகை அறிய வேண்டும் என்பது அவர் கொள்கை.

1914-இல் கெடிஸ் இந்தியாவுக்கு வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்கள் தனிக் கப்பலில் வந்தன. சென்னையைக் குண்டு வீசித் தாக்கிய ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டனை நாம் அறிவோம். அதே எம்டன் கெடிஸின் பொருள்கள் வந்த கப்பலையும் 1914 அக்டோபரில் மூழ்கடித்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. நண்பர்கள் திரட்டி அனுப்பிய புதிய பொருள்களைக் கொண்டு 1915-இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். சென்னை மாகாணத்து நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகளும் எழுதினார். கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பது அக்கால வழக்கம். குளத்தைத் தூர்க்காதீர்கள், மீனையும் வாத்தையும் விடுங்கள், அவை கொசுப் புழுவைத் தின்றுவிடும் என்பது அவர் யோசனை.

கைத்தொழில் வழியே

அடுத்த படி நம் நாட்டிலேயே அமைந்தது. 1937 அக்டோபரில் காந்தியடிகள் வார்தாவில் கூட்டிய கல்வி மாநாட்டிலிருந்து ஆதாரக் கல்வித் திட்டம் உருவாயிற்று. நூற்பு, உழவு போன்ற ஒரு தொழிலை நடுவே வைத்து மற்றப் பாடங்களை அதனுடன் இணைப்பது அதன் முறை. பஞ்சைத் தொடும் பிள்ளை மண்ணையும் மழையையும் கணக்கையும் ஒருசேரக் கற்கும். 1936-இல் தொடங்கிய பஞ்சாலையால் நூல் நகரமாக வளர்ந்த இராஜபாளையத்திற்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறென்ன இருக்க முடியும்? எனினும், பெற்றோர் விரும்பியது பரீட்சையும் உத்தியோகமும் தரும் கல்வியையே. ஆதாரப் பள்ளிகள் மெல்ல மெல்ல மங்கின. இந்தத் தோல்வியை நாம் நினைவில் வைக்க வேண்டும். பின்னால் வந்த சூழ்நிலைக் கல்வியும் இதே பாறையில்தான் மோதியது.

உலகம் விழித்த பத்தாண்டு

1972 ஜூன் மாதம் ஸ்டாக்ஹோம் நகரில் மனிதச் சூழ்நிலை பற்றிய ஐக்கிய நாடுகள் மாநாடு கூடியது. இந்தியாவின் சார்பில் பிரதமர் இந்திரா காந்தி நேரில் சென்று பேசினார். மாநாடு தொடங்கிய ஜூன் 5-ஆம் நாளே உலகச் சுற்றுச்சூழல் நாளாயிற்று. பின்னர் 1975-இல் பெல்கிரேடிலும் 1977 அக்டோபரில் டிபிலிசியிலும் இக்கல்விக்கென்றே கூட்டங்கள் நடந்தன. விழிப்பு, அறிவு, மனப்பாங்கு, திறமை, பங்கேற்பு என ஐந்து குறிக்கோள்களை டிபிலிசி வகுத்தது. பரீட்சை எளிதில் அளப்பது இவற்றுள் இரண்டாவதை மட்டுமே!

இந்தியாவில் 1975-ஆம் ஆண்டின் பத்தாண்டுப் பள்ளிப் பாடத்திட்டம், தொடக்க வகுப்புகளுக்குச் சூழ்நிலையியலைப் பரிந்துரைத்தது. 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தில் 51-ஏ பிரிவு சேர்ந்தது. காடு, ஏரி, ஆறு, காட்டுயிர் ஆகியவற்றைக் காப்பதும் உயிர்களிடம் இரக்கம் கொள்வதும் குடிமகனின் கடமை என்றது அது. பாடம் கடமையாக உயர்ந்தது இங்கேதான்.

அக்கடமை என்னவென்று அண்டை மாநிலம் காட்டியது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டி மழைக்காட்டை மூழ்கடிக்க இருந்த திட்டத்தை எதிர்த்து, தாவரவியல் ஆசிரியர் எம்.கே. பிரசாத் எழுதினார். கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் வீதிதோறும் மக்களிடம் விளக்கியது. திட்டம் கைவிடப்பட்டது. 1984-இல் அக்காடு தேசியப் பூங்காவாயிற்று. ஆசிரியரின் அறிவு மக்களின் முடிவாக மாறியது.

நம் பக்கத்துக் கதை

நம் பகுதியிலும் ஓர் ஆசிரியர் இருந்தார். சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த ஏ.ஜே.டி. ஜான்சிங், 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து புகழ் பெற்றார். பின்னர் டேராடூனில் உள்ள இந்திய வன உயிரினக் கழகத்தில் பணியாற்றினார். 2024-இல் மறைந்தார். நம் மலையின் சாம்பல் நிற அணிலை மனித நடமாட்டம் எவ்வாறு பாதிக்கிறது என்பது பற்றி அவரும் ஜோசுவாவும் எழுதிய ஆய்வு 1994-இல் வெளிவந்தது.

இந்த அணில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்வது. வீட்டு அணிலைவிடப் பல மடங்கு பெரியது. தரையில் இறங்குவது அரிது. மரத்துக்கு மரம் கிளை வழியே தாவும். கூட்டையும் கிளைகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும் இடத்திலேயே கட்டும். நடுவில் நான்கு மரங்களை வெட்டினால் காடு அழிந்ததாக நமக்குத் தோன்றாது. அணிலுக்கோ பாலம் அறுந்தாற் போல!

அதற்காக 1988-இல் சுமார் 485 சதுர கிலோமீட்டர் பரப்பில் சாம்பல் நிற அணில்கள் சரணாலயம் அமைந்தது. 2021 பிப்ரவரியில் இதுவும் மேகமலையும் சேர்ந்து தமிழகத்தின் ஐந்தாவது புலிகள் காப்பகமாயின.

நீதிமன்றம் தந்த புத்தகம்

இதற்கிடையே வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1991 நவம்பர் 22-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. திரையரங்குகளில் சூழ்நிலை பற்றிய ஸ்லைடுகள் காட்டவேண்டும். பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும். ஆணை பல ஆண்டுகள் சரிவர நிறைவேறவில்லை. 2003 டிசம்பரில் நீதிமன்றம் மீண்டும் வற்புறுத்திய பிறகே பாடம் எங்கும் பரவியது. பள்ளிகளில் தேசியப் பசுமைப் படையும் வந்தது. அகமதாபாத்தில் 1984 முதலும் சென்னையில் 1989 முதலும் இயங்கும் சூழ்நிலைக் கல்வி மையங்கள் ஆசிரியர்களுக்குக் கையேடுகளும் பயிற்சியும் அளித்தன.

ஆகவே, இன்று பாடம் இல்லை என்று யாரும் குறை கூற முடியாது. ஆனால் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த பாடம் பரீட்சை முடிந்ததும் மறைகிறது. அடிவாரத்துத் தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அணில் மாங்காயையும் இளநீர்க் காயையும் கடித்துப் போடுகிறது. யானை தென்னையைச் சாய்க்கிறது. 'வன உயிர்களை நேசிப்போம்' என்று எழுதி மதிப்பெண் வாங்கும் அப்பிள்ளை, வீட்டில் தந்தையின் நட்டத்தைக் கேட்கிறது. இரண்டையும் எடைபோட்டுப் பேச வகுப்பில் இடமில்லையென்றால், பாடம் பொய்யாகவும் காடு பகையாகவுமே தோன்றும். தோப்பும் காடும் அடுத்தடுத்து இருக்கும் இவ்வூரில் அணிலின் எதிர்காலம் அப்பிள்ளையின் கையிலும் இருக்கிறது.

செலவில்லாத பாடக் கருவிகள்

நல்ல பாடக் கருவிக்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். 10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள பள்ளிக் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் வரும். பக்கங்கள் நேரான ஒரு பாட்டிலும் அளவுகோலும் இருந்தால் பிள்ளைகளே மழையை அளக்கலாம். தமிழகத்தில் 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு ஏன் கட்டாயமாயிற்று என்பது இந்தக் கணக்கிலேயே விளங்கும்.

குழாயில் தொடங்கி நீர்த்தேக்கம், ஓடை, மலை என நீரின் வழியை மாணவர் வரைபடமாக்கலாம். சாலையோர மரங்களில் கிளைகள் எங்கே கோத்து நிற்கின்றன, எங்கே அறுந்துள்ளன என்று குறிக்கலாம். ஊர்ப் பெரியவர்களிடம் கண்மாய் எந்த ஆண்டுகளில் பெருகியது என்று கேட்டு எழுதலாம். தோப்புக்காரரையும் வனத்துறை அலுவலரையும் ஒரே நாளில் வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொல்லலாம்.

கெடிஸ் கோபுரத்து உச்சியில் காட்டியதை நம் மலை சன்னலிலேயே காட்டுகிறது. அந்தச் சன்னலைப் பாடவேளையில் திறப்பதற்கு ஆசிரியரின் மனம் ஒன்றே வேண்டும்.