யந்திர மங்கையும் உழைப்பாளியும்

தன்னைப் போலவே ஒரு மனிதனைச் செய்துவிட வேண்டுமென்னும் ஆசை மனிதனுக்கு நெடுநாளாகவே உண்டு. அவ்வாசையைத் திரையில் காட்டிய படங்களுள் பெரும்புகழ் பெற்றது, ஜெர்மனியில் உருவான ‘மெட்ரோபோலிஸ்’ என்னும் பேசாப் படமாகும். பெர்லின் நகரில் 1927-ம் வருடம் ஜனவரி 10-ந் தேதி அது முதன்முதல் காட்டப்பட்டது. டைரக்டர் பிரிட்ஸ் லாங். கதை எழுதியவர் அப்போது அவர் மனைவியாயிருந்த தியா வான் ஹார்போ. இப்படத்தின் சரித்திரத்தில் உழைப்பவர் ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டிய விஷயம் அடங்கியுள்ளது.

‘ரோபாட்’ என்னும் சொல்லின் பிறப்பை முதலில் அறிதல் நலம். செக் ஆசிரியர் காரல் சாபெக் 1920-ல் வெளியிட்ட நாடகத்தில்தான் அச்சொல் முதன்முதல் வழங்கிற்று. அதை எடுத்துக் கொடுத்தவர் அவர் தமையனார் ஜோசப். செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்பது, குடியானவன் தன் பிரபுவுக்குக் கட்டாயமாகச் செய்ய வேண்டிய ஊழியம். நாம் வெட்டி வேலை என்போமே, அதுவே. ஆகவே, இப்பெயர் இரும்பைக் குறித்துப் பிறந்ததன்று. அடிமை உழைப்பைக் குறித்துப் பிறந்தது.

படத்தின் கதைக்கு வருவோம். வானளாவிய மாளிகைகளில் முதலாளிகள் வாழ, பூமிக்கடியில் தொழிலாளர் வாழ்கின்றனர். பத்து மணி காட்டும் கடிகாரமே அவர்களுக்கு நாளை அளக்கிறது. அவர்களுக்கு ஆறுதல் கூறுபவள் மரியா என்னும் மங்கை. நகரத் தலைவன் பிரெடர்சன், விஞ்ஞானி ராட்வாங் செய்த யந்திரத்திற்கு அவள் உருவத்தைக் கொடுக்கச் செய்து, தொழிலாளரிடையே கலகம் விளைக்க ஏவுகிறான். பொய் மரியாவின் பேச்சில் மயங்கியவர்கள் யந்திரங்களை உடைக்கின்றனர். வெள்ளம் புகுந்து அவர்கள் வீடுகளையே மூழ்கடிக்கிறது.

இனி, அந்த யந்திர மங்கை உருவான விதத்தைக் காண்போம். இரண்டு வேடங்களையும் தாங்கியவர், அதற்குமுன் படத்தில் நடித்திராத பிரிகிட்டே ஹெல்ம். சிற்பி வால்ட்டர் ஷூல்ட்ஸே-மிட்டன்டார்ப் அவர் உடலை அச்சாக வார்த்து, காற்றில் இறுகும் மரப்பசையால் கவசம் செய்து, உலோகம் போல் மின்னும் பூச்சுப் பூசினார். திரையில் எஃகாய்த் தோன்றியது மரக்குழம்பே. அதனுள்ளே அசையவும் இயலாமல், தோல் சிராய்க்க, ஒரு பெண் வருந்தி நின்றாள். வெள்ளக் காட்சிக்கோ, பெர்லின் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் குளிர்ந்த நீரில் பல நாள் நிறுத்தப்பட்டனர். ஐம்பது லட்சம் மார்க்குக்கு மேல் செலவான படம் அது! தொழிலாளர் படும் துன்பத்தைக் காட்ட வந்த படமே எளியவர் உடலை வருத்தித்தான் முடிந்தது.

முடிவில் முதலாளியும் தொழிலாளர் தலைவனும் கைகுலுக்குகின்றனர். மூளைக்கும் கைக்கும் இடையே இதயம் நிற்க வேண்டுமென்பது படத்தின் உபதேசம். கேட்க இனிதே. ஆயினும் பத்து மணி நேர வேலை குறைந்ததா, கூலி உயர்ந்ததா என்று படம் ஒரு வார்த்தையும் கூறவில்லை. அம்முடிவு வெறும் கட்டுக்கதை என்று லாங்கே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

வெளியான சில மாதங்களிலேயே படம் வெட்டிக் குறைக்கப்பட்டது. இழந்தவற்றுள் பெரும்பகுதி 2008-ல் போனஸ் அயர்ஸ் நகரில் அகப்பட, 2010-ல் ஏறக்குறைய முழுப்படமும் மீண்டும் திரையேறிற்று. ஆதலின் இன்றும் அதைக் கண்டு ஆராயலாம்.

யந்திரத்தை நாம் வெறுக்க வேண்டுவதில்லை. முதுகொடியச் செய்யும் வேலையை அது ஏற்குமாயின் வரவேற்போம். ஆனால் தோட்டத்திலோ பட்டணத்திலோ புதிய யந்திரம் வந்திறங்கும்போது, அதை ஏவுபவன் யார், அதன் பலன் யாருக்கு, அதற்காக வருந்துபவர் யார் என்று வினவுதல் நம் கடமை. அன்பான கைகுலுக்கலோடு திருப்தியடையாமல், நேரத்தையும் கூலியையும் எழுத்தில் பெறுபவனே ரோபாட் ஆகாமல் மனிதனாக நிற்பான்.