போர்டு போனால் யாரிடம் போவது?

"கறுப்பும் கறுப்பும் பக்கத்துல இருக்கணும் தம்பி. மாத்திச் சொருகினா போர்டு போச்சு."

1997-இல் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் இது. ஏடி வகை மதர்போர்டுக்கு எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையிலிருந்து மின்சாரம் இரண்டு கனெக்டர்களில் வரும். இரண்டும் ஒரே அளவு. இடம் மாறினாலும் உள்ளே போய்விடும். இரண்டின் கறுப்பு ஒயர்களும் நடுவில் சேர்ந்திருந்தால் சரி. 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் முறையில் ஒரே கனெக்டர்தான், அதைத் தப்பாகச் சொருக வழியில்லை. ஆனாலும் நான் சேர்ந்த வருடம் எங்கள் மேஜைக்கு வந்தவற்றில் ஏடி போர்டுகளே அதிகம்.

அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இருக்கும் சின்னத் தெரு அது. ரேடியோ பாகங்களும் ஸ்பீக்கர்களும் விற்ற கடைகளுக்கு நடுவே கம்ப்யூட்டர் கடைகள் முளைத்திருந்தன. அரக்கோணத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் காலை ரயிலில் வருவார்கள். நான்கு கடை ஏறி இறங்கி நான்கு கொட்டேஷன் வாங்குவார்கள். பிராசஸர், ராம், ஹார்ட் டிஸ்க், மானிட்டர் எல்லாம் கடைக்குக் கடை ஏறக்குறைய ஒரே விலை. போர்டு என்ற வரியில்தான் வித்தியாசம் இருக்கும். பிராசஸரின் பெயர் விளம்பரத்தில் வரும். போர்டின் பெயர் வராது. ஆகவே மொத்த விலையைக் குறைத்துக் காட்ட நினைக்கும் கடைக்காரர் முதலில் கை வைப்பது போர்டில்தான். பிற எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் பாகமே அதிகம் விலை குறைக்கப்பட்ட பாகமாக இருந்தது. இது இன்றும் என்னை உறுத்துகிறது.

இத்தனை போர்டு கம்பெனிகள் எங்கிருந்து வந்தன? 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பிசியை வெளியிட்டபோது, அதன் சர்க்யூட் படங்களையும், மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸ் நிரலையும் கையேட்டிலேயே அச்சிட்டுக் கொடுத்தது. பயாஸுக்குப் பதிப்புரிமை இருந்ததால் அப்படியே நகலெடுக்க முடியாது. காம்பாக் அதே வேலையைச் செய்யும் பயாஸைத் தானே புதிதாக எழுதிக்கொண்டது; 1984-இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் அப்படி எழுதிய பயாஸை யார் கேட்டாலும் விற்கத் தொடங்கியது. டஜன் கணக்கான சிப்புகள் செய்த வேலையை ஒரு சில சிப்புகளில் அடக்கிய சிப்செட்டுகளும் அடுத்து வந்தன. சிப்செட்டும் பயாஸும் கடையில் கிடைத்தால் போர்டு வடிவமைக்க ஒரு சின்னக் குழு போதும்.

அந்தக் குழுக்கள் தைவானில் பிறந்தன. சோனியில் வேலை பார்த்த ஐந்து பேர் 1986-இல் எம்எஸ்ஐயைத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் கிகாபைட். 1989-இல் ஏசரிலிருந்து வெளியேறிய நான்கு இன்ஜினியர்கள் தொடங்கியது ஏசஸ். பெகாசஸ் என்ற சிறகுள்ள குதிரையின் பெயரில் கடைசிப் பகுதி அது. ஏபிட்டும் 1989-தான். ஏசஸிலிருந்து பிரிந்த ஏஎஸ்ராக் 2002-இல் வந்தது. இவர்கள் எல்லோரும் சிப்செட் வாங்கியது ஒரு சில கம்பெனிகளிடம்தான். அதனால் ஒரே சிப்செட் போட்ட இரண்டு போர்டுகள் வேகத்தில் அதிகம் வேறுபடாது. வேறுபாடெல்லாம் மற்ற பாகங்களின் தரத்திலும், பழுதானபின் கிடைக்கும் கவனிப்பிலும்தான்.

இதை எனக்குப் புரியவைத்த நாள் 1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. தைவானில் ஒரு மாணவர் எழுதிய சிஐஎச் வைரஸ் வெடித்த நாள். அது ஹார்ட் டிஸ்க்கை அழித்ததோடு நிற்கவில்லை. சில போர்டுகளில் பயாஸ் சிப்பில் இருந்ததையும் அழித்தது. மறுநாள் ஆட்டோவில் கேபினட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே புகார்: "ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல."

பயாஸ் சிப்பைச் சாக்கெட்டில் வைத்திருந்த போர்டுகளை நாங்கள் மீட்டோம். அதே மாடல் நல்ல போர்டை ஆன் செய்து, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் சிப்பை மெல்லக் கழற்றி, செத்த சிப்பை அந்த இடத்தில் வைத்து, பயாஸை மறுபடி எழுதினோம். கை நடுங்கினால் இரண்டு போர்டும் போகும். சிப்பை நேராகப் போர்டிலேயே சால்டர் செய்திருந்தால் இந்த வழியும் கிடையாது. அதன்பின் போர்டு வாங்கப் போனால் நான் முதலில் பார்த்தது பயாஸ் சாக்கெட்டைத்தான். ஒன்று கெட்டால் மற்றொன்று எழுப்பும்படி இரண்டு பயாஸ் சிப் வைத்த கிகாபைட் போர்டுகளுக்குத் தெருவில் மரியாதை கூடியது இந்தக் காரணத்தால்தான்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் இன்னொரு கூட்டம் வரும். டெலிபோன் லைன் வழியாக இடி இறங்கி, மோடம் கார்டைக் கருக்கி, போர்டையும் கொண்டுபோயிருக்கும். "மழை வந்தா போன் ஒயரைக் கழட்டிடுங்க சார்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புவேன். எந்த பிராண்டாலும் இதைத் தடுக்க முடியாது. எர்த் இல்லாத வீட்டில் எவ்வளவு நல்ல போர்டும் வீண்தான்.

பெரிய அடி பிறகு விழுந்தது. 2002 வாக்கில் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் பன்னிரண்டு மெஷின் போட்டுக் கொடுத்தேன். எல்லாவற்றிலும் ஒரே மாடல் போர்டு. இரண்டு வருடத்துக்குள் ஏழு நின்றன. திறந்து பார்த்தால், பிராசஸரைச் சுற்றியிருந்த கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி, பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தன. உலகம் முழுவதும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. உள்ளே ஊற்றிய திரவத்தில் அரிப்பைத் தடுக்கும் சேர்மானம் சரியாக இல்லை. சூட்டில் வாயு உண்டாகி மூடியைத் தள்ளியது. பல பிராண்டு போர்டுகளில் இது இருந்தது. பிராண்டட் மெஷின் வாங்கியவர்களும் தப்பவில்லை: பழுதான போர்டுகளுக்காக டெல் நிறுவனம் 2005-இல் சுமார் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது.

அந்தச் சென்டர்காரர் என்னைத் திட்டவில்லை. "அண்ணே, நீங்க நல்லதுன்னு சொன்னீங்க, நான் வாங்கினேன்" என்றார். வாரண்டி தருவதாகச் சொன்ன டிஸ்ட்ரிபியூட்டர், சீரியல் நம்பர் ஸ்டிக்கர் அழிந்துவிட்டது என்று நான்கு போர்டுகளைத் திருப்பிவிட்டார். மற்ற மூன்றும் இரண்டு மாதம் கழித்து வந்தன. ஏழிலும் நானே 105 டிகிரி தாங்கும் கெப்பாசிட்டர் வாங்கி மாற்றினேன். தெருவில் சிப் லெவல் சர்வீஸ் மேஜைகள் பெருகியது அந்த வருடங்களில்தான்.

அப்போதுதான் "ஒரிஜினல் இன்டெல்" என்ற சொல்லுக்கு மவுசு வந்தது. பில்லில் "இன்டெல் 845 போர்டு" என்று எழுதியிருக்கும். 845 என்பது சிப்செட்டின் பெயர், போர்டு செய்தவர் வேறொருவர். வாங்கியவர் இன்டெல்லே செய்த போர்டு என்று நம்பி வீட்டுக்குப் போவார். விவரம் தெரிந்தவர்கள் அழுத்திக் கேட்டார்கள்: "ஒரிஜினல் இன்டெல் தானே தம்பி?" அந்தப் போர்டில் பிராசஸரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக் செய்யக் கூடுதல் வசதி இல்லை, ஸ்லாட்டும் குறைவு. ஆனால் வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். ஊர்ப் பள்ளிக்கும் ஆடிட்டர் ஆபீஸுக்கும் அதுதான் வேண்டும்.

அந்தப் பெயரும் நிலைக்கவில்லை. அதற்கு முன்பே, 2008 முடிவில், ஏபிட் போர்டுகள் நின்றிருந்தன. 2013 ஜனவரியில் இன்டெல், டெஸ்க்டாப் போர்டுத் தொழிலைப் படிப்படியாக விட்டுவிடப்போவதாக அறிவித்தது. திரவம் இல்லாத திடக் கெப்பாசிட்டர்கள் வழக்கமானபின் வீங்கும் நோயும் குறைந்தது. இன்று ஏசஸ், கிகாபைட், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் நான்கிலும் ஒரே விலைப் படியில் உள்ள போர்டுகளுக்கு இடையே பெரிய பேதம் இல்லை என்பது என் முடிவு. ஒரே கம்பெனியின் மலிவு மாடலுக்கும் நடுத்தர மாடலுக்கும் உள்ள தூரமே அதிகம்.

ஆகவே இன்று வீட்டில் மெஷின் கட்டும் பிள்ளைகள் என்னிடம் எந்த பிராண்ட் என்று கேட்டால், பெயர் சொல்வதில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் யாருக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். பிராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதியில் ஹீட்சிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் சிப்செட் பெயரை மட்டும் எழுத விடாதீர்கள். கம்பெனி, முழு மாடல், சீரியல் நம்பர் மூன்றையும் எழுதி வாங்குங்கள். ஸ்டிக்கரை அன்றே ஒரு படம் எடுத்து வையுங்கள். அந்தப் பன்னிரண்டு மெஷின்களுக்கும் நான் அதைச் செய்திருந்தால், திரும்பி வந்த நான்கு போர்டுகளுக்கு வாதாட என் கையில் சான்று இருந்திருக்கும்.