கொல்லைக் கோழியின் குலம்

கல்கத்தா மாநகரின் தென்பகுதியில் டாக்குரியா என்றொரு பேட்டை உண்டு. அதன் அருகே 1920களில் வெட்டப்பட்ட பெரிய ஏரிக்கு 1958இல் ரவீந்திர சரோவர் என்று பெயர் சூட்டினார்கள். ஏரியின் வடமேற்கே லேக் மார்க்கெட்டைச் சுற்றி நம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. கானிங், லட்சுமிகாந்தபூர் முதலிய ஊர்களிலிருந்து வரும் ரயில்கள் டாக்குரியா நிலையத்தைக் கடந்தே நகருக்குள் நுழைகின்றன. அந்த ரயில் பாதையின் தென்கோடியிலுள்ள சிற்றூர்களில் கொல்லைப்புறத்தில் நாலைந்து கோழிகள் வளர்ப்பது பெண்களின் தொழில். அதில் வரும் காசு அவர்களுடைய சொந்தக் காசு. ஆகவே எந்த இனத்துக் கோழியை வாங்குவது என்பது அங்கே பொழுதுபோக்குக் கேள்வியன்று. குடும்பக் கணக்கின் ஒரு பகுதி.

இக்கேள்விக்கு விடை காண, கோழியின் குலவரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். அவ்வரலாற்றின் முக்கியமான ஏடு ஒன்று கல்கத்தாவிலேயே எழுதப்பட்டது.

1841இல் எட்வர்டு பிளித் என்னும் ஆங்கிலேயர், பார்க் தெருவிலுள்ள ஆசியக் கழகத்தின் பொருட்காட்சிச் சாலைக்குக் காப்பாளராக வந்து சேர்ந்தார். 1862 வரையில் அப்பணியில் இருந்தார். உலகிலுள்ள வீட்டுக் கோழிகள் அனைத்தும் இந்தியக் காடுகளில் திரியும் செந்நிறக் காட்டுக்கோழியின் வழித்தோன்றல்களே என்பது அவர் கருத்து. சார்லஸ் டார்வின் 1859இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலில் பிளித்தின் பெயரைக் குறிப்பிட்டு, அவர் கருத்துக்குத் தாம் தரும் மதிப்பையும் எடுத்துரைத்தார். 1868இல் வந்த நூலில் அதனை விரிவாக ஆராய்ந்தார்.

பிற்கால ஆராய்ச்சி இம்முடிவைப் பெரும்பாலும் உறுதி செய்தது. சிறிது திருத்தவும் செய்தது. 2020இல் வெளிவந்த மரபணு ஆய்வின்படி, வீட்டுக் கோழியின் முதல் தாயகம் தென்மேற்குச் சீனம், வட தாய்லாந்து, பர்மா ஆகியவற்றை ஒட்டிய நிலப்பகுதியாகும். 2008இல் வந்த மற்றோர் ஆய்வு நமக்குப் பெருமை தருவது. பல கோழி இனங்களில் காணப்படும் மஞ்சள் நிறத் தோலும் காலும், தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தவையாம். உறையூருக்குக் கோழி என்றே பெயரிட்டு, முருகன் கொடியில் சேவலை ஏற்றிய தமிழகத்தின் காட்டுப் பறவைக்கும் உலகக் கோழிக் குலத்தில் ஒரு பங்கு உண்டு என்பது இதனால் தெளிவாகிறது.

ஒரே குலத்தில் பிறந்த பறவை இத்தனை வடிவங்கள் கொண்டது எங்ஙனம்? மனிதன் தேர்ந்தெடுத்ததால்தான். போருக்கென்று தேர்ந்தவன் நெடிய கால்களும் இறுகிய தசையும் உடைய அசீல் சேவலை உருவாக்கினான். அந்த அசீலின் இரத்தம் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்குச் சென்று கார்னிஷ் இனமாயிற்று. இன்றைய இறைச்சிக் கோழிகளுக்கு அந்தக் கார்னிஷே ஒரு மூதாதை. பிரம்மா என்னும் பேருருக் கோழியின் பெயர் பிரம்மபுத்திரா நதியிலிருந்து வந்தது. ஆனால் 1840களில் அதன் முன்னோர் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது ஷாங்காய்த் துறைமுகத்தில் என்பர். முட்டைக்கென்று தேர்ந்தவர்கள் இத்தாலியின் லெகார்ன் கோழியைச் செம்மைப்படுத்தினார்கள். முட்டை, இறைச்சி இரண்டையும் விரும்பிய அமெரிக்கக் குடியானவர்கள் ரோட் ஐலண்டு ரெட் இனத்தை ஆக்கினார்கள்.

இவ்வினங்கள் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நம் சிற்றூர்களுக்கு வந்தன. 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்ஸர் ஹாச் நடத்திய கிராமப் புனரமைப்பு நிலையம் கோழி வளர்ப்பையும், முட்டைகளைக் கூட்டுறவு முறையில் விற்பதையும் ஊராருக்குக் கற்பித்தது. 1939இல் இஸத்நகரில் கோழி ஆராய்ச்சிக்கெனத் தனிப் பிரிவு தோன்றியது.

வங்காளத்தில் நிலைமை சற்று வேறு. முன்னாளில் இந்து இல்லங்களில் வாத்து முட்டைக்கு இருந்த உரிமை கோழி முட்டைக்கு இல்லை. கோழி சமையலறைக்குள் புகுந்தது மெல்ல மெல்லத்தான். 1947இன் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் யாதவ்பூர், டாக்குரியாப் பகுதிகளில் குடியேறினர். நகரம் பெருகியது, முட்டையின் தேவையும் உடன் பெருகியது.

இனி நம் கேள்விக்கு வருவோம். நாட்டுக் கோழி ஓர் ஈற்றில் பத்துப் பதினைந்து முட்டைகள் இடும். பிறகு 21 நாள் அடைகாக்கும். குஞ்சுகளைச் சிறகின்கீழ் வளர்த்து ஆளாக்கும். ஆதலால் ஆண்டுக்கு அது தருவது ஐம்பது அறுபது முட்டைகளே. வெள்ளை லெகார்னோ ஆண்டுக்கு 250க்கு மேலும் இடும். எதை வாங்குவது என்பதில் ஐயம் ஏது என்று தோன்றும். ஆனால் லெகார்ன் அடையில் அமர்வது அரிது. அந்தக் குணத்தை நீக்கித்தான் முட்டையின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். எனவே அதை வளர்ப்பவள் அடுத்த தலைமுறைக் குஞ்சுகளை விலைக்கு வாங்கவேண்டும். நல்ல தீவனமும் வாங்கவேண்டும். நாட்டுக் கோழி குப்பையைக் கிளறித் தானே இரை தேடும். பருந்தின் நிழல் கண்டால் ஒளியும். வெள்ளைச் சிறகுடைய பறவை பருந்தின் கண்ணுக்குத் தொலைவிலிருந்தே தெரியும்.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி காணவே அறிஞர்கள் முயன்றனர். பெங்களூரில் கிரிராஜா, ஐதராபாத்தில் வனராஜா, கிராமப்பிரியா, சென்னை நந்தனத்தில் நந்தனம் கோழி ஆகியவை கொல்லைப்புறத்திற்கென்றே உருவாக்கப்பட்டவை. வண்ணச் சிறகும், நாட்டுக் கோழியைவிட மிகுதியான முட்டையும் இவற்றின் சிறப்பு. வங்காளத்துக்கே உரிய ஹரிங்காட்டா கறுப்பு இனமும் இன்று தனி இனமாகப் பதிவு பெற்றிருக்கிறது.

எந்த இனமாயினும் நோய்க்கு விலக்கில்லை. இங்கிலாந்தில் நியூகாஸில் என்றும், நம் நாட்டில் ராணிக்கேத் என்றும் ஊர்ப்பெயர் பெற்ற வெள்ளைக்கழிச்சல் நோய் ஒரே வாரத்தில் கொல்லையை வெறுமையாக்கிவிடும். அதற்குத் தடுப்பூசி உண்டு. 2008 ஜனவரியில் பறவைக் காய்ச்சல் வங்காளத்தின் பீர்பூம் முதலிய மாவட்டங்களில் பரவியபோது, நோயைத் தடுக்க லட்சக்கணக்கான கோழிகளைக் கொல்லவேண்டி வந்தது. அவற்றுள் மிகப் பல கொல்லைக் கோழிகள்.

ஆகவே நேயர்கள் ஒன்றை மனத்திற் கொள்ளலாம். தடுப்பூசியும், தீவனமும், குஞ்சு கிடைக்கும் பண்ணையும் அருகில் இருக்குமானால் உயர்ந்த கலப்பினத்தை வாங்குவது நன்று. அவை எட்டாத இடத்தில், அடைகாக்கத் தெரிந்த நாட்டுக் கோழியே நல்ல துணை. கலப்பினம் வளர்ப்போரும் ஒரு நாட்டுப் பெட்டையை உடன் வைத்திருத்தல் நலம். பிற கோழிகளின் முட்டைகளையும் அது பொரித்துக் கொடுக்கும். முட்டைக் கணக்கில் அந்தப் பெட்டை எப்போதும் பின்தங்கியே நிற்கும். ஆயினும் அடுத்த ஆண்டும் கொல்லையில் கோழி இருக்குமா என்ற கேள்விக்கு விடை அதன் சிறகின்கீழ்தான் இருக்கிறது.