நன்னடத்தை

பதுளை நீதிமன்ற வாசலில் தோட்டத்து ஆட்கள் ‘புறோபேஷன்’ என்பார்கள். அரச தாளில் ‘நன்னடத்தை’. பலருக்கு அது முதலில் சிறுவர் பராமரிப்பு அலுவலகத்தின் பெயர். குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடும் ஏற்பாடு என்பது பிறகுதான். இலங்கையில் இதற்கான கட்டளைச் சட்டம் 1944இல் வந்தது.

நல் + நடத்தை. ‘நட’ என்ற வினையடியே மூலம். கால் நடப்பது ஒழுக்கத்தைக் குறிக்க வந்தது. ஆங்கிலச் சொல்லின் மூலமான லத்தீன் ‘புரொபாரே’ சோதித்துப் பார்ப்பதைக் குறிக்கும். அங்கே சோதனை, இங்கே நற்சான்றிதழ் முன்கூட்டியே! எனக்குத் தமிழ்ச் சொல்லே கொஞ்சம் அவசரப்பட்டதாகத் தோன்றுகிறது.

இந்தக் கண்காணிப்பில் இருப்பவருக்குச் சிக்கல் மருந்தில் வருகிறது. மதன மோதகம் போன்ற ஆயுர்வேத மருந்துகளில் கஞ்சா சேரும். 1929ஆம் ஆண்டின் அபாயகர ஔடதக் கட்டளைச் சட்டம் கஞ்சாவைத் தடுக்கிறது; 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டமோ மருந்து செய்வதற்காக வைத்தியர் அதைப் பெற வழி விடுகிறது. வைத்தியருக்குத் தந்த அனுமதி, ஊவா மலைத் தோட்ட லயத்தில் யாரும் கஞ்சா இலையைக் காயவைக்கத் தந்த அனுமதி அல்ல. நன்னடத்தைக் கட்டளையில் இருப்பவர் அத்தகைய மருந்தைத் தொடுமுன் வைத்தியரின் சீட்டோடு நன்னடத்தை உத்தியோகத்தரிடம் போவதே நல்லது. சிறுநீர்ச் சோதனைக்கு அந்த மருந்தும் கஞ்சா பீடியும் ஒன்றுதான்.