கழற்றும் கூரையின் சரித்திரம்

முன்கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து பின்புறம் வரை கூரையின் நடுவே ஒரு தண்டை நிறுத்தி, ஓட்டுகிறவர் தலைக்கு மேல் ஒன்றும் உடன் வருபவர் தலைக்கு மேல் ஒன்றுமாக இரண்டு பலகைகளை அதன் இருமருங்கிலும் வேண்டும்போது மாட்டவும் வேண்டாதபோது கழற்றவும் வகை செய்த யோசனைக்கு, அமெரிக்க அரசாங்கம் 1951-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் காப்புரிமை வழங்கிற்று. யோசனைக்கு உரியவர் கார்டன் பியூரிக். முப்பதுகளில் ஆபர்ன், கார்ட், டூசன்பர்க் ஆகிய கார்களுக்கு உருவம் வகுத்துப் புகழ்பெற்ற நிபுணர். யுத்தம் முடிந்தபின் 1948-இல் ‘டாஸ்கோ’ என்னும் பெயரில் அவர் வடிவமைத்த ஒரே முன்மாதிரி வண்டியில் இந்தக் கூரை இடம்பெற்றது. அவ்வண்டி விற்பனைக்கு வரவே இல்லை. ஆனால் அதன் கூரை, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார்களின் பிரதான அலங்காரமாயிற்று. அதற்கும் பிறகு, அதே கூரையை நிரந்தரமாக மூடிவிடுவதற்கென்றே ஒரு தனி வேலைப்பாடும் பிறந்தது.

யோசனைக்கு மறுவாழ்வு அளித்தது அச்சமே எனலாம். கார்களின் அபாயங்களை எடுத்துக்காட்டி ரால்ஃப் நேடர் எழுதிய நூல் 1965-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டிலேயே அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. கவிழ்ந்தால் தலையைக் காக்க ஒன்றுமில்லாத துணிக்கூரைக் கார்கள் விரைவில் தடைசெய்யப்படும் என்று உற்பத்தியாளர்கள் அஞ்சினார்கள். அத்தடை கடைசிவரை வரவில்லை என்றாலும், அந்த அச்சம் புதிய வடிவங்களைத் தோற்றுவித்தது. ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம், ஆசனங்களுக்குப் பின்னால் உறுதியான எஃகு வளைவும் அதற்கு முன்னால் கழற்றக்கூடிய கூரையும் கொண்ட 911 காரை 1965-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வைத்து, 1906 முதல் சிஸிலித் தீவில் நடந்துவந்த டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தின் நினைவாக அதற்கு ‘டார்கா’ என்று பெயரிட்டது.

அமெரிக்காவில் 1968-ஆம் வருஷத்து ஷெவர்லே கார்வெட்டும் அவ்வாறே ஒற்றைப் பலகைக் கூரையோடு வருவதாகத்தான் முதலில் உத்தேசம். ஆனால் சோதனை வண்டிகளின் உடல் ஓடும்போது முறுகி நெளிவதைக் கண்ட பொறியாளர்கள், திறப்பின் குறுக்கே நடுத்தண்டு ஒன்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று. பியூரிக்கின் வடிவம் இவ்வாறு, அழகு கருதியன்றி ஒரு குறைக்குப் பரிகாரமாகவே, பெருந்தொகையான உற்பத்திக்குள் பிரவேசித்தது.

அந்தக் குறை எத்தகையது என்பதை அறிந்தாலொழிய பின்வரும் சரித்திரம் விளங்காது. தீப்பெட்டியின் உட்கூட்டை வெளியே உருவி இருமுனைகளையும் பிடித்துத் திருகினால் அது எளிதில் துவண்டுவிடும். வெளிக்கூட்டுக்குள் செருகித் திருகினாலோ விறைத்து நிற்கும். காரின் உடலும் அப்படித்தான். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கி மற்றொன்று மேட்டில் ஏறுகையில் எழும் முறுக்கு விசையைத் தரை, தூண்கள், கூரை ஆகிய யாவும் சேர்ந்து பங்கிட்டுக்கொள்கின்றன. கூரையில் திறப்பு வைத்தவுடன் அதன் பங்கும் கீழ்ப்புறத்தின் மேல் விழுகிறது. ஓடும் காரில் அத்திறப்பின் நாற்கோணம் ஒவ்வொரு குலுக்கலிலும் இம்மி இம்மியாகச் சாய்ந்து நிமிர்வதனால், பலகையைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் தேய்கிறது, கீச்சொலி எழுகிறது, நாளடைவில் மழைநீர் உள்ளே இறங்குகிறது. ஒழுகும் கூரைக்குப் புதிய ரப்பர் வாங்கி மாட்டியவர்கள் சில காலத்திற்குள் மீண்டும் ஈரமான ஆசனத்தில் அமர நேர்ந்ததற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம்.

ஆயினும் ஜனங்களின் மோகம் குறையவில்லை. பான்டியாக் ஃபயர்பேர்டில் 1976-இல் ஹர்ஸ்ட் நிறுவனத்தின் கண்ணாடிப் பலகைகள் வந்தன. மறு ஆண்டு ‘ஸ்மோக்கி அண்ட் தி பாண்டிட்’ திரைப்படத்தில் கறுப்பு நிற டிரான்ஸ் ஆம் வகை ஃபயர்பேர்ட் ஒன்று அக்கூரையோடு பாய்ந்தோடி நாடெங்கும் ஆசையை மூட்டிற்று. ஷெவர்லே கமாரோவும் ஜப்பானின் டாட்ஸன் 280இஸட்எக்ஸும் டொயோட்டா எம்ஆர்2-உம் அதே வழியில் நடந்தன. அழகு பெருகிய அளவுக்குத் திருட்டும் பெருகியது. எளிதில் கழலும் கண்ணாடி, கள்வனுக்கும் எளிதில் கழன்றது.

வண்டிகள் மூப்படைந்து, விலை இறங்கி, பந்தயத்திலும் இயந்திர வேலையிலும் ஆர்வமுள்ள இளைஞர்களின் கைக்கு வந்தபோதுதான் கூரையை மூடும் பழக்கம் வேரூன்றியது. வில்லையும் அதிர்வுதாங்கியையும் எவ்வளவு நுட்பமாக அமைத்தாலும், உடலே ஒரு வில்லைப்போல் வளைந்தால் அந்நுட்பம் வீணாகிவிடும் என்பதை அவர்கள் அநுபவத்தில் கண்டார்கள். கமாரோ, ஃபயர்பேர்ட் போன்ற எஃகு உடல் கார்களுக்குச் சிறந்த உபாயம், திறப்பில்லாத அதே இனத்துப் பழைய வண்டியிலிருந்து கூரையை உள்சட்டங்களோடு எடுத்துப் பொருத்துவது. அதற்கு ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளைத்துப் பிரிக்கவேண்டும். வெட்டுவதற்கு முன்பே கதவு நிலைகளுக்கிடையே குறுக்குக் கம்பிகளை இட்டு உடலின் அளவு மாறாமல் காக்கவேண்டும். அகன்ற மெல்லிய தகடு சூட்டினால் நெளிந்துவிடுமாதலால், ஓரிடத்தில் சிறிது பற்றவைத்து, ஆறவிட்டு, வேறிடத்தில் தொடரவேண்டும். பொறுமையற்றவனுக்கு உரிய வேலையன்று இது.

ஃபைபர் கிளாஸ் உடல் கொண்ட கார்வெட்டில் சங்கடம் வேறு. பலகைகளை அவற்றின் இடத்தில் ஒட்டி, மேலே கண்ணாடி இழைப்பாயும் பிசினும் பூசி, பட்டி பார்த்து, வர்ணம் அடித்துவிட்டால் பார்வைக்குக் கூரை ஒன்றாகிவிடும். ஆனால் கீழேயுள்ள எஃகுச் சட்டகம் முன்போலவே முறுகிக்கொண்டிருக்குமாதலால், ஒட்டின இடமெல்லாம் மெல்லிய விரிசல்கள் கிளம்பும். விறைப்பு வேண்டுமானால் எஃகுக்கு எஃகே துணையாக வேண்டும். பந்தயக்காரர்கள் உள்ளே பற்றவைக்கும் எஃகுக் குழாய்க் கூண்டு, தலையைக் காப்பதோடு இந்தக் காரியத்தையும் நிறைவேற்றுகிறது.

தனி மனிதர்கள் கொட்டகைகளில் கண்ட இந்த உண்மையை உற்பத்தியாளரும் ஒப்புக்கொள்ளும் காலம் வந்தது. கார்வெட் 1984-இல் நடுத்தண்டை நீக்கி ஒற்றைப் பலகைக்கு மாறியபோது, இழந்த உறுதியை ஈடுசெய்ய வாயிற்படியை அசாதாரண உயரத்திற்கு எழுப்ப நேர்ந்தது. ஏறி இறங்குவோர் அனைவரும் அதன் விலையைக் கால்களால் செலுத்தினார்கள். பின்னர் 1999-இல் கழற்றமுடியாத கூரையுடன் ஒரு கார்வெட் வெளிவந்தது; அதே உடலின் மேல்தான் 2001-இல் இஸட்06 என்னும் வேகமான வகை நிர்மாணிக்கப்பட்டது. 2006-இல் வந்த அதன் வாரிசும் நிலையான கூரையையே கொண்டிருந்தது. கமாரோ, ஃபயர்பேர்ட் இரண்டும் 2002-இல் நிறுத்தப்பட்டபோது இரட்டைப் பலகைக் கூரையின் யுகமும் அநேகமாக முடிவுற்றது.

இந்தச் சரித்திரத்தை அறிந்தவர் கூரையை மூடுவதா, காப்பதா என்ற கேள்விக்கு வண்டியின் உபயோகத்தைக் கொண்டே விடை காணவேண்டும் என்பது என் அபிப்பிராயம். பந்தயச் சாலைக்குப் போகும் வண்டிக்கு மூடிய கூரை நியாயமானது. அதை முறைப்படி செய்தவன் தொழிற்சாலை பட்டுத் தெரிந்துகொண்டதைத் தன் கையால் செய்து முடித்தவனாகிறான். ஆனால் பிறந்தபடியே கெடாமல் நிற்கும் வண்டிகள் ஆண்டுக்காண்டு அருகிவருகின்றன. அவற்றின் பலகைகளுக்கு நல்ல ரப்பரையும் நிதானமான ஓட்டத்தையும் அளித்து, ஒரு தலைமுறையின் ஆசையையும் அதன் பிழையையும் ஒருங்கே அறிவிக்கும் சாட்சிகளாக அவற்றை அப்படியே விட்டுவைப்பது, இத்தொழிலை நேசிக்கிறவர்களின் கடமையாகும்.