சுவீடிய மசாஜும் செட்டிநாட்டு எண்ணெய்த் தேய்ப்பும்

சுவீடிய மசாஜ் என்பது உடலில் எண்ணெய் தடவி, தசைகளைக் கைகளால் வருடியும் பிசைந்தும் தட்டியும் தளர்த்தும் முறையாகும். சிவகங்கை மாவட்டத்துச் செட்டிநாட்டு ஊர்களில் பழைய வீடுகள் சில தங்கும் விடுதிகளாக மாறிய பின், அங்கு வரும் பயணிகளுக்கு மசாஜ் சேவையும் கிடைக்கிறது. ஆத்தங்குடியின் பெரிய வீட்டையும் பூக்கற்களையும் பார்க்க வருவோர் இதை மேலைநாட்டிலிருந்து வந்த புதுக்கலை என்று எண்ணக்கூடும். ஆனால் இதன் பெயரே ஒரு வரலாற்றுக் குழப்பத்தில் பிறந்தது. இதை ஒத்த கைத்தொழிலோ இவ்வூர் வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவந்தது.

சுவீடனைச் சேர்ந்த பெர் ஹென்றிக் லிங் (1776–1839) வாள்வீச்சு ஆசிரியர். உடலசைவுகளால் நோய்களைக் குறைக்கலாம் என்று கருதிய அவர், 1813இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக்கான அரச நடுவ நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய முறையில் பெரும்பங்கு உடற்பயிற்சிக்கே உரியது. கைகளால் தேய்ப்பதும் அழுத்துவதும் அதில் ஒரு பகுதி மட்டுமே. இன்று சுவீடிய மசாஜ் என்று கற்பிக்கப்படும் ஐந்து கைமுறைகளை வகைப்படுத்திய பெருமை நெதர்லாந்து மருத்துவர் யோஹான் கெயோர்க் மெட்ஸ்கரையே (1838–1909) சேரும். அவற்றின் பெயர்கள் பிரெஞ்சு மொழியில் அமைந்தன. தமிழில் அவற்றை வருடல், பிசைதல், அழுத்தித் தேய்த்தல், தட்டுதல், அதிர்வூட்டல் எனலாம். லிங்கின் உடற்பயிற்சி முறை ‘சுவீடிய இயக்க மருத்துவம்’ என்று ஏற்கெனவே புகழ்பெற்றிருந்ததால், மெட்ஸ்கரின் கைமுறைகளும் அப்பெயருக்குள் அடங்கிப்போயின. சுவீடனில் இதைச் ‘செவ்வியல் மசாஜ்’ என்றுதான் அழைக்கின்றனர்.

தமிழ்நாட்டின் சித்த மருத்துவத்தில் இதற்கு நெருங்கியது தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். தட்டலும் அசைத்தலும் மெட்ஸ்கரின் கடைசி இரண்டு முறைகளோடு அப்படியே பொருந்துகின்றன. இழுத்தல், முறுக்கல் போன்றவை மூட்டுகளை அசைக்கும் லிங்கின் வழிக்கு நெருக்கமானவை. இந்த ஒற்றுமையைக் கண்டு ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சொல்லிவிட முடியாது. வலிக்கும் இடத்தைப் பிடித்துவிடுவது எந்த நாட்டிலும் கை தானாகச் செய்யும் வேலை. அதை வகுத்துப் பெயரிட்டதில்தான் இருவரும் ஒத்துப்போகின்றனர்.

வீட்டளவில் இது எண்ணெய்க் குளியலாக நிலைத்தது. ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்பது தமிழகத்தின் பொதுவழக்கம். செட்டிநாடும் அதற்கு விலக்கல்ல. இளஞ்சூடான நல்லெண்ணெயை உச்சி முதல் பாதம் வரை தேய்த்து, சற்று ஊறவிட்டு, சீயக்காயோ அரப்போ தேய்த்து வெந்நீரில் குளிப்பார்கள். அன்று பகலுறக்கம் கூடாது, குளிர்ந்த உணவும் ஆகாது. கைக்குழந்தையை நீட்டிய கால்களில் கிடத்தி, கை கால்களை நீவிவிட்டுக் குளிப்பாட்டும் பாட்டிமார்கள் எந்த நிறுவனத்திலும் பயின்றவர்கள் அல்லர். குழந்தையின் அழுகை எப்போது வலியால் வருகிறது, எப்போது வெறும் சிணுங்கல் என்பது அவர்கள் கைக்குத் தெரியும்.

இவ்வளவு இயல்பான ஒன்றுக்கு ‘மசாஜ்’ என்ற சொல் வந்ததும் ஒரு கூச்சம் ஏற்பட்டுவிடுகிறது. இது தமிழருக்கு மட்டும் உரியதன்று. 1890களில் லண்டனில் மசாஜ் நிலையங்கள் சில விலைமாதர் விடுதிகளாக இயங்குவதாகப் பெரும் பேச்சு எழுந்தது. தொழிலின் மதிப்பைக் காக்க, செவிலியர் நால்வர் 1894இல் பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்கான சங்கம் ஒன்றை நிறுவினர். பிரிட்டனின் இயன்முறை மருத்துவர் சங்கம் அதிலிருந்தே வளர்ந்தது. இன்றைய இயன்முறை மருத்துவத்தின் வேர்களில் ஒன்று மசாஜ் என்பதைப் பலர் அறிவதில்லை.

இதன் பயன்களைப் பற்றி மிகையான பேச்சுகளும் உண்டு. தசையில் சேர்ந்த லாக்டிக் அமிலத்தை மசாஜ் வெளியேற்றுகிறது என்பது அவற்றுள் ஒன்று. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கடும் உடற்பயிற்சி செய்த 11 ஆண்களின் தொடைத்தசை மாதிரிகளைச் சோதித்தபோது, லாக்டிக் அமில அளவில் மசாஜால் மாற்றம் ஏற்படவில்லை. ஆனால் தசையின் அழற்சிக் குறிகள் குறைந்திருந்தன. உடலின் ‘நச்சுகள்’ வெளியேறும் என்பதற்கும் தக்க சான்று இல்லை. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன.

முழங்கால் மூட்டுத்தேய்வுள்ள 125 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு, வாரம் ஒருமுறை 60 நிமிடம் என 8 வாரம் சுவீடிய மசாஜ் பெறுவது வலியைக் குறைக்கத் தகுந்த அளவு என்று 2012இல் தெரிவித்தது. மனத்தைப் பொறுத்தவரை சான்று இன்னும் தெளிவாக உள்ளது. 37 ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் வெளியான மதிப்பீட்டின்படி, ஒருமுறை பெறும் மசாஜே அப்போதைய பதற்றத்தையும் இரத்த அழுத்தத்தையும் இதயத்துடிப்பையும் குறைக்கிறது. பலமுறை பெற்றவர்களிடம் மனச்சோர்வும் குறைந்தது. காய்ச்சல், தோல்தொற்று, எலும்பு முறிவு, காலின் ஆழ்நாளங்களில் இரத்த உறைவு ஆகியவை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதற்குச் செல்லக்கூடாது.

ஆத்தங்குடியில் பூக்கல் செய்வோரின் வேலை முழுவதும் கையாலேயே நடக்கிறது. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் கூழைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டு மட்டம் செய்ய வேண்டும். பின் நீரில் ஊறப்போட்டு எடுத்து வெயிலில் காயவைக்க வேண்டும். கனத்த கற்களைத் தூக்கிக் குனிந்து நிமிரும் இவ்வேலையில் பளு முழுவதும் தோளிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும்தான் விழும். விடுதியில் அந்தத் தரையின்மேல் நடந்து மசாஜுக்குப் போகிறவரைவிட, அதைச் செய்தவருக்கே இந்தக் கைவைத்தியம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அவருக்கு எட்டும் விலையில் இருப்பது நல்லெண்ணெய். சனிக்கிழமைக் காலையில் ஒருமணி நேரமும், தேய்த்துவிட வீட்டில் ஓராளும் கிடைத்தால் போதும். கடைசியாகச் சொன்ன இரண்டும்தான் இப்போது அரிதாகி வருகின்றன.