விளிம்பை நகர்த்துதல்: ஒளிப்படக் கத்தரிப்பும் கட்டமைப்பின் வலிமையும்

ஒளிப்படத்தைக் கத்தரிப்பது பற்றி இரு கருத்துகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. படம் எடுக்கும்போது கவனிக்கத் தவறியதைப் பின்னால் சரிசெய்யும் பரிகாரமே அது என்பது ஒன்று. ஷட்டரை அழுத்திய கணத்திலேயே கட்டமைப்பு நிறைவுபெற்றுவிடுவதால் அதன்பின் விளிம்பைத் தொடுவது முறையன்று என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டும் ஓர் அனுமானத்தில் ஒன்றுபடுகின்றன: கத்தரித்தல் என்றால் கழித்தல். அந்த அனுமானம் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். விளிம்பு இடம்மாறும்போது உள்ளே எஞ்சும் ஒவ்வொரு வடிவமும் புதிய எடையையும் புதிய உறவையும் பெறுகிறது. கத்தரிப்பின் வலிமை வெட்டி எறிந்ததில் இல்லை; இந்த உறவுகளில்தான் இருக்கிறது.

மாறுவதும் மாறாததும்

ஒரு படத்தின் ஆழத் தோற்றத்தைத் (பெர்ஸ்பெக்டிவ்) தீர்மானிப்பது கேமரா நின்ற இடம். அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் ஒன்றுக்கொன்று எந்த அளவில் தெரியும் என்பதை எந்தக் கத்தரிப்பாலும் மாற்ற முடியாது. 50 மி.மீ. லென்ஸால் எடுத்த படத்தின் நடுப்பகுதியை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கினால், அதே இடத்தில் நின்று 100 மி.மீ. லென்ஸால் எடுத்தால் கிடைக்கும் பார்வைக் கோணமே கிடைக்கும். ஒளி, கணம், முகபாவம் ஆகியவையும் அப்படியே இருக்கும்.

இதற்கு விலை உண்டு. 6000×4000 புள்ளிகள் கொண்ட 24 மெகாபிக்சல் படம், மேற்சொன்ன கத்தரிப்புக்குப் பின் 3000×2000 ஆகி 6 மெகாபிக்சலில் நிற்கும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அச்சுத் தரத்தில் 20 அங்குல அகலம் 10 அங்குலமாகச் சுருங்கும். ஃபிலிமில் இதே விலையைத் துகள்களின் பெருக்கமாகச் செலுத்த வேண்டியிருந்தது.

தெளிவில் நேரும் இந்த இழப்பை ஒதுக்கிவிட்டால், கத்தரிப்பால் மாறுவது உருவங்களுக்கும் விளிம்புக்கும் உள்ள உறவு மட்டுமே. அந்த உறவைத்தான் கட்டமைப்பு என்கிறோம். எனவே ஒரே நெகட்டிவின் முழு வடிவத்தையும் கத்தரித்த வடிவத்தையும் ஒப்பிடுவது, கட்டமைப்பைப் பிற காரணிகளிலிருந்து பிரித்து ஆராய ஏறத்தாழ ஒரு சோதனைச்சாலை வசதியைத் தருகிறது.

நியூமேனின் ஸ்ட்ராவின்ஸ்கி

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆர்னால்டு நியூமேன், இசையமைப்பாளர் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கியை 1946இல் நியூயார்க்கில் எடுத்த படம் இதற்குச் சிறந்த சான்று. ஹார்ப்பர்ஸ் பஜார் இதழுக்காக எடுக்கப்பட்ட அப்படத்தை அவ்விதழ் பயன்படுத்தவில்லை. 4×5 அங்குல நெகட்டிவின் முழு வடிவத்தில், பெரிய பியானோவின் அருகே கையைத் தலைக்கு முட்டுக்கொடுத்து அமர்ந்திருக்கும் ஒருவரைக் காண்கிறோம். சுற்றிலும் போதிய இடம் இருக்கிறது. அது ஓர் அறை. அவர் அந்த அறையில் இருப்பவர்.

நியூமேன் அதைக் கடுமையாகக் கத்தரித்து, நான்குக்கு ஐந்து என்ற விகிதத்தைக் கிட்டத்தட்ட ஒன்றுக்கு இரண்டு என்ற நீள்வடிவமாக்கினார். ஸ்ட்ராவின்ஸ்கி இடது கீழ் மூலைக்கு ஒதுங்கினார். திறந்து நிற்கும் பியானோ மூடியின் கரிய வடிவம் படத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. முழு நெகட்டிவிலும் அந்த மூடி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே அது அறைக்கலன்களில் ஒன்று. விளிம்புகள் நெருங்கி வந்ததும் அது கனமான ஓர் உருவமாகிறது. மேற்கத்திய இசைக்குறியீட்டின் ‘ஃபிளாட்’ குறியைப் பார்வையாளருக்கு நினைவூட்டவும் செய்கிறது. அந்தப் பெருங்கருமைக்கு ஈடுகொடுக்கும் எடை மூலையிலுள்ள சிறு முகத்துக்கு வருகிறது. இதைக் கழித்தலின் கணக்கால் விளக்க முடியாது: படத்தின் பரப்பு குறைந்தது, பியானோவின் பங்கு கூடியது.

பேசுபொருளை மூன்றிலொரு பங்குக் கோடுகளில் நிறுத்தச் சொல்லும் பாடப்புத்தக விதி இங்கே உதவாது. தலை அந்தக் கோடுகளைத் தாண்டி மூலைக்கே தள்ளப்பட்டிருக்கிறது. அந்த ஒதுக்கமே படத்தைத் தாங்குகிறது.

கோர்டாவின் சே

கட்டமைப்பு வலுப்பெறும்போது பொருளும் மாறலாம் என்பதைக் காட்டுவது கியூப ஒளிப்படக் கலைஞர் அல்பெர்த்தோ கோர்டாவின் படம். லா கூப்ர் கப்பல் வெடிப்பில் இறந்தவர்களுக்காக 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில் நடந்த நினைவுக் கூட்டத்தில் புரட்சித் தலைவர் சே குவேராவை அவர் லைக்கா கேமராவில் 90 மி.மீ. லென்ஸால் எடுத்தார். கிடைமட்டமான முழுச் சட்டகத்தில் ஒருபுறம் இன்னொருவரின் பக்கவாட்டு முகமும் மறுபுறம் பனையினத் தாவரத்தின் ஓலைகளும் தெரிகின்றன. கோர்டா இரண்டையும் வெட்டிச் செங்குத்தான உருவப்படமாக்கினார்.

அந்த முகமும் ஓலையும் இருந்தவரை, அது ஓர் ஊரில் ஒரு நாளில் நடந்த கூட்டத்தின் பதிவு. அவை போனபின் இடமும் காலமும் அகன்றன. வெற்று வானத்தின் முன் ஒரு பார்வை மட்டும் நின்றது. 1960களின் பிற்பகுதியிலிருந்து சுவரொட்டிகளில் அது பரவியதற்கு அரசியல் காரணங்கள் பல உண்டு. ஆயினும் எந்தச் சூழலிலும் பொருந்தும் தன்மையை அதற்கு அளித்தது கத்தரிப்பே. இங்கே வலிமையும் இழப்பும் ஒரே வெட்டில் நிகழ்கின்றன: உருவம் ஓங்குகிறது, துக்கக் கூட்டம் மறைகிறது.

மறுப்பும் அதன் எல்லையும்

கத்தரிப்பை எதிர்த்தவர்களில் முதன்மையானவர் பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெசோன். நல்ல படத்தைக் கத்தரித்தால் அதன் வடிவக்கணித ஒழுங்கு குலையும் என்றும், பலவீனமான படத்தை இருட்டறை அரிதாகவே காப்பாற்றும் என்றும் 1952இல் வெளியான தமது நூலின் முன்னுரையில் அவர் வாதிட்டார். ஆனால், 1932இல் பாரிஸின் சேன்-லசார் ரயில் நிலையத்தின் பின்புறத்தில் அவர் எடுத்த, தேங்கிய நீரைத் தாவும் மனிதரின் படம் கத்தரிக்கப்பட்டதே. வேலிப் பலகைகளின் இடைவெளி வழியாக எடுத்ததால் இடப்புறத்தை மறைத்த பகுதியை நீக்க வேண்டியிருந்தது. இதைக் கொண்டு அவரைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. அவருடைய கூற்றின் இரண்டாம் பாதி சரியானது என்பதே முக்கியம்: நெகட்டிவில் இல்லாத உறவைக் கத்தரிப்பால் உண்டாக்க முடியாது. நியூமேனின் பியானோ மூடி ஏற்கெனவே அங்கே இருந்தது. முதல் பாதியோ, கேமரா தரும் விகிதமே காட்சிக்கு உரிய விகிதம் என்று கொள்கிறது. 24×36 மி.மீ. என்பது லைக்கா போன்ற கருவியின் சட்டக அளவு. உலகம் அந்த அளவில் அமைந்திருக்கவில்லை.

நேர்மை குறித்த மறுப்பும் உண்டு. 2010இல் உலகப் பத்திரிகை ஒளிப்படப் போட்டியில் ஒளிப்படக் கலைஞர் ஸ்டெப்பான் ருடிக் பெற்ற பரிசு பறிக்கப்பட்டது. அவர் தம் படத்தைப் பெருமளவு கத்தரித்திருந்தார்; ஆனால் தகுதிநீக்கத்துக்குக் காரணம் அதுவன்று. படத்தின் உள்ளே தெரிந்த ஒருவரின் பாதத்தின் சிறு பகுதியை அவர் அழித்ததே காரணம். இந்த வேறுபாட்டுக்கு அடிப்படை இருக்கிறது. விளிம்புக்கு வெளியே உலகம் தொடர்கிறது என்பதைப் பார்வையாளர் எப்போதும் அறிவார். விளிம்புக்குள் இருப்பது இருந்தபடியே காட்டப்படுகிறது என்று நம்புகிறார். கத்தரிப்பு இந்த நம்பிக்கையை மீறுவதில்லை. இருந்தும், கோர்டாவின் படம் காட்டுவதுபோல், சூழலே செய்தியாக இருக்கும் இடத்தில் வெட்டு சாட்சியத்தைக் குறைக்கும். கட்டமைப்பின் வலிமையும் சாட்சியத்தின் முழுமையும் தனித்தனி அளவுகோல்கள். ஒன்றில் வென்ற படம் மற்றதிலும் வென்றதாகக் கொள்ளக் கூடாது.

முடிவாக, கத்தரிப்பை மதிப்பிட, எது நீக்கப்பட்டது என்று கேட்பதைவிட, புதிய விளிம்பு என்ன செய்கிறது என்று கேட்பதே பொருத்தம். அவ்விளிம்பை இன்னும் சிறிது உள்ளேயோ வெளியேயோ நகர்த்திப் பார்க்கலாம். எந்த உறவும் குலையவில்லை என்றால், நடந்தது வெறும் அளவுக்குறைப்பு. குலைந்தால், அந்த விளிம்பு கட்டமைப்பின் உறுப்பாகிவிட்டது என்று பொருள். வெட்டியதற்கான நியாயமும் அதுவே.